எந்தத் தானா மேரா?

“நீ படிச்ச ஊருல ஒண்ணுலயும் என் மவன் இல்லியே, பாப்பா.”

என்னிடம் இப்படிச் சொன்னவர் என் அக்காவின் மாமியார். நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். சொன்னது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில். அன்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பூகோளத்தில் வகுப்புக்கே முதலாக வந்தவளிடம் சொல்கிற பேச்சா இது?

போன வாரம் அந்தப் பேச்சு மறுபடி ஞாபகம் வந்தது. சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தபோது.

சண்டைக் காலத்தில் காணாமல் போனவர்களை விசாரித்துச் சொல்கிற இடம் அது. அக்காவின் கணவர் காளிமுத்து மாமாவைத் தேடிப் போயிருந்தோம். அங்கே இரண்டு மேஜை. ஒன்று, சயாமுக்குக் கொண்டு போகப்பட்டவர்களுக்கு. இன்னொன்று, மலாயாவுக்குள்ளேயே காணாமல் போனவர்களுக்கு.

முதல் மேஜைக்காரர் கேட்டார். “உங்க ஆளு கடைசியா எங்க இருந்தாரு?”

“தானா மேராவுல.”

“அது கிளந்தான்லா. சயாம் கெடையாது. அந்த மேஜைக்குப் போங்க.”

போனோம். இரண்டாவது மேஜைக்காரர் மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார்.

“கடைசியா அவரைப் பார்த்த சமயத்துல அங்க யாரு ஆட்சி?”

“சயாம் போலீஸ் இருந்ததாச் சொன்னாங்க.”

“அப்ப அது சயாம் கேஸும்மா. அந்த மேஜைதான்.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். இரண்டு மேஜைக்கும் நடுவில் வந்து நின்றாள். “நாம எந்தப் பக்கம் நிக்கணும், பாப்பா?” என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இப்போதும் முழுசாகத் தெரியவில்லை என்பதால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி எழுதுவதாக ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். குறைப்படட்டும். அப்பாவும் அம்மாவும் அக்காவும் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார்கள். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? சிரம்பான் பள்ளிக்கூடத்துச் சுவரில் மலாயா மேப் ஒன்று தொங்கும். ரயில் பாதை கறுப்புக் கோடாக ஓடும். கெமாஸில் அந்தக் கோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் டீச்சர் பிரம்பை வைத்தால் போதும். பகாவ், மெந்தகாப், ஜெராந்துட், கோலா லிப்பிஸ், குவா மூசாங், கோலா கிராய், தானா மேரா, பாசிர் மாஸ், தும்பாட்... மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அந்த ஊர்களில் ஒன்றையும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பெயர் தெரிந்துவிட்டால் ஊரே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

ஜப்பான்காரன் வந்தான். என் படிப்பு நின்றது. நானும் தோட்டத்துக்கு வந்து மரவள்ளி நட்டேன்.

ஒரு நாள் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க எல்லோரும் வரிசையில் நின்றபோது லாரி வந்தது. கங்காணி ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமா பெயரும் வந்தது. “கெமாஸ் வரைக்குந்தான்பா. தண்டவாள வேலை. சுருக்கா வந்துருவீங்க” என்றார் கங்காணி. அவருக்கும் அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள். மாமா ஏறும்போது அக்காவைப் பார்த்து, “மாட்டுக்குத் தண்ணி காட்டலை, காட்டிரு” என்றார். அழுவதற்குக்கூட நேரம் இல்லை. லாரி போய்விட்டது.

அதற்குப் பிறகும் லாரிகள் வந்தன. அவை நேராகச் சயாமுக்கே போயின, அங்கே காட்டில் ரயில் பாதை போட. போனவர்களில் ஒருவர் மட்டும் காலில் புண்ணோடு திரும்பி வந்தார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார். அதுவே போதுமாக இருந்தது. எங்கள் தோட்டத்தில் சயாம் என்பது நாட்டுப் பெயராக இல்லாமல் போயிற்று. “அவுரு சயாமு” என்று ஒரு பெண் சொன்னால், அவளிடம் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள்.

கெமாஸ் போனவர்களையும் கடைசியில் சயாமுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள்? தெரியாது. மாதக் கணக்கில் மாமாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அப்போது தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. சயாமில் செத்துப் போனவர்களுக்கு உடல் ஏது? கருமாதி செய்யாமல் விட்டால் அந்த உயிர் எங்கே போய் நிற்கும்? அதனால் லாலான் புல்லை அறுத்து, ஆள் மாதிரி கட்டி, அதற்கு வேட்டி சுற்றிக் கிடத்திச் சடங்கு செய்தார்கள். தர்ப்பைக்குப் பதில் லாலான். அது முடிந்ததும் பெண்சாதியின் தாலியைக் கழற்றிவிடுவார்கள்.

அத்தையும் வருகிற அமாவாசைக்கு என்று முடிவு செய்துவிட்டார். அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே மகன். ராத்திரியெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். “அவன் பசியோட அலையிறான்டீ. எனக்குத் தெரியுது” என்றார் அக்காவிடம். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். லாலான் அறுத்துக் கட்டி, கொட்டகையில் சாத்தி வைத்தாகிவிட்டது.

அமாவாசைக்குக் கொஞ்ச நாள் முன்னால் நானா வந்தார்.

நானா என்றால் சைக்கிளில் கருவாடும் சவுக்காரமும் விற்கிற முஸ்லிம் வியாபாரி. சண்டைக்கு முன்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வாரம் தவறாமல் வருவார். சண்டை வந்த பிறகு ரயிலேறிச் சயாம் பக்கம் போய் அரிசி கொண்டு வருவதாகக் கேள்வி. அன்று வெறுங்கையோடு வந்தார். சைக்கிளை மரத்தில் சாத்தியதும் நேராக அக்காவிடம் போனார்.

“உன் வூட்டுக்காரர் காளிமுத்துதானே தங்கச்சி? பார்த்தேன்லா. உசுரோட இருக்காரு.”

அக்கா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

“எங்க நானா?”

“சயாமுல. தானா மேரா ஸ்டேஷன்ல. ஆளு ரொம்ப மெலிவு. சிரம்பான் பக்கம் போறேன்னதும் ஓடி வந்தாரு. மாட்டை வித்துராதன்னு சொல்லச் சொன்னாரு.”

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த மாடு போதும். வேறு யார் அப்படிச் சொல்லி அனுப்புவார்கள்?

ஆனால் அப்பா சிரித்துவிட்டார். “தானா மேராவா? அது போர்ட்டிக்சன் பக்கத்துல இருக்கே நானா. இங்கேருந்து நடந்தே போலாம். அதுல எங்கேருந்து சயாம் வந்துச்சு?”

“நீங்க சொல்றது வேற. நான் சொல்றது சயாமுல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும். மறைக்காமல் சொல்கிறேன். மேப் படித்தவள் நான் ஒருத்திதான். கண்ணை மூடிக் கெமாஸிலிருந்து ஒப்பித்துப் பார்த்தேன். “கிளந்தான்ல ஒரு தானா மேரா இருக்கு. ரயில் ஸ்டேஷன்தான். ஆனா கிளந்தான் மலாயாவாச்சே. சயாமுல அந்தப் பேருல ஊரு கெடையாது” என்றேன்.

“நான் கண்ணால பார்த்தேன்மா. ஸ்டேஷன்ல சயாம் கொடி பறக்குது. சயாம் போலீஸு நிக்கிறான். ஹாட்யாய் வழியா சுத்திக்கிட்டு நாந்தானே போய் வந்தேன்?”

மேப்பை நம்புவதா, கண்ணை நம்புவதா? தானா மேரா மலாய்ப் பெயர். சிவப்பு மண் என்று அர்த்தம். சயாமியர்கள் தங்கள் ஊருக்கு எதற்கு மலாய்ப் பெயர் வைக்கிறார்கள்? கிளந்தான் ஸ்டேஷனில் சயாம்காரனுக்கு என்ன வேலை? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டவர் அத்தை ஒருவர்தான். இல்லாத ஊரில் மகன் இருக்கிறான் என்று ஒருவர் வந்து சொன்னால், அந்தத் தாய் என்ன நினைப்பாள்?

“பொய் சொல்றாரு. என் மனசு ஆறட்டும்னு நல்ல மனசுல சொல்றாரு” என்றார் அத்தை. “மாடு எந்த லயத்துலதான் இல்ல? வித்துராதன்னு எவன் வேணா சொல்லலாம்.”

“இல்ல அத்தை, கிளந்தான்ல ஒரு...”

அப்போதுதான் சொன்னார். நீ படிச்ச ஊருல ஒண்ணுலயும் என் மவன் இல்லியே, பாப்பா.

மறுநாள் விடியலில் அப்பா, அக்கா, நான் மூவரும் போர்ட்டிக்சன் பக்கத்துத் தானா மேராவுக்கு நடந்தோம். பக்கத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிடுவோமே. போய்ப் பார்த்தால் ரப்பர் மரம், சிவப்பு மண், கோழிகள். தண்டவாள வேலைக்காரர் ஒருவரும் இல்லை. ஒரு மலாய்க்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் மண்ணைக் காலால் கிளறிக் காட்டிச் சிரித்தார். மண் சிவப்பாக இருந்தால் தானா மேராதான். சிங்கப்பூரில் ஒன்று இருக்கிறது, டச்சுக்காரன் ஆண்ட தீவுகளில் ஒன்று இருக்கிறதாம். போதாததற்குத் தன் வம்சத்துக்கே சுமத்ராவில் உள்ள ஓர் ஊரின் பெயர்தான் என்றார். அங்கிருந்து வந்த முன்னோர்கள் கூடவே கொண்டு வந்துவிட்டார்களாம்.

ஒரு தானா மேராவைத் தேடி வந்தவர்களுக்கு இப்போது ஊருக்கு ஒன்று.

யோசித்துப் பார்த்தால் எங்கள் தோட்டமும் அப்படித்தான். தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்தில் இருக்கிற தன் ஊரின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். எங்களில் யாருக்கும் அது வாயில் நுழையாது. நாங்கள் ஆத்தோரத் தோட்டம் என்றோம். மலாய்க்காரர்கள் சுமத்ராவிலிருந்து பெயர் கொண்டு வந்தார்கள். துரை ஸ்காட்லாந்திலிருந்து கொண்டு வந்தார். நாம்? சாமியைக் கொண்டு வந்தோம், சமையலைக் கொண்டு வந்தோம். ஊர்ப் பெயரை மட்டும் கொண்டு வரவில்லை. சீக்கிரம் திரும்பிவிடப் போகிறோமே, எதற்கு என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

திரும்பி வரும்போது அக்கா முன்னால் நடந்தாள். லயம் தெரிந்ததும், “அமாவாசைக்குள்ள அந்த ஊரு இருக்கா இல்லியான்னு எனக்குச் சொல்லிரு பாப்பா” என்றாள். அவ்வளவுதான். ஒரு தாலி என் பூகோளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஊரைப் பற்றி ரயில்காரரைவிட வேறு யாருக்குத் தெரியும்? டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். டிக்கெட் வாங்க வந்தவள் மாதிரியே கேட்டேன்.

“தானா மேராவுக்கு வண்டி எப்போங்க?”

“எந்தத் தானா மேரா பிள்ளை?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. கடைசியாகச் சரியான கேள்வி கேட்கிற ஓர் ஆள்.

“கிளந்தான்ல இருக்கிறதுங்க. கெமாஸ் வழியா...”

“கெமாஸாலை போகேலாது. பாதை இல்லை.”

“பாதை எப்படி இல்லாமப் போகும்?”

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “தண்டவாளத்தைக் கழட்டிக்கொண்டு போறாங்கள். சயாமிலை புதுப் பாதை போட இரும்பு வேணுமாம். உங்கடை தோட்டத்து ஆக்களைக் கொண்டுதான் கழட்டுவிக்கிறாங்கள்.”

“அப்ப கிளந்தான்...”

“கிளந்தான் இப்ப வெளிநாடு, பிள்ளை. ஜப்பான்காரன் சயாமுக்குக் குடுத்திட்டான். கெடா, பெர்லிஸ், திரங்கானு எல்லாம் சேர்த்து. பேப்பரிலை வந்ததே, நீர் பாக்கேல்லையோ?”

எங்கள் லயத்துக்குப் பேப்பர் எங்கே வந்தது? படித்தவள் என்று பெயர். படிக்கத்தான் ஒன்றும் இல்லை.

வீடு வரும்வரை அதையே யோசித்தேன். ஒரு நாட்டை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா? கொடுக்கிறவனுக்கு அது சொந்தமா? நான் ஒப்பித்த அத்தனை ஸ்டேஷனும் அதே இடத்தில் இருக்கின்றன. ஆனால் பாதிக்கு மேல் போனால் வெளிநாடு. அப்போதுதான் மாமாவின் நிலைமை எனக்குப் புரிந்தது. தண்டவாளத்தைக் கழற்றிக் கழற்றியே அவர் வடக்கே நடந்திருக்கிறார். எந்த இடத்தில் நாடு மாறியது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. திரும்பி வருகிற பாதையை அவர் கையாலேயே கழற்ற வைத்திருக்கிறார்கள்.

வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தார். மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். இது நாம. இது கெமாஸ். இது தானா மேரா.

“நானா பொய் சொல்லல அத்தை. ஊரு இருக்கு.”

“சயாமுலயா?”

“சயாமுலதான். ஆனா செத்துப் போறாங்களே, அந்த எடம் இல்ல.”

“என்னடீ சொல்ற? அவன் சயாமுக்குப் போனானா, போகலியா?”

“அவரு போகல அத்தை. சயாம்தான் அவரு இருந்த பக்கம் வந்துருச்சு.”

அத்தை குனிந்து மண்ணில் இருந்த கோட்டைப் பார்த்தார். புரிந்ததா? எனக்கே புரியாத ஒன்று அவருக்கு எப்படிப் புரியும்? ஆனால் ஒன்று கேட்டார். “அந்த ஊருல மண்ணு செவப்பா இருக்குமா?” ஆமாம் என்றேன். நான் பார்த்ததில்லை, பெயர் அப்படித்தானே சொல்கிறது. “அப்ப நம்ம மண்ணு மாதிரிதான்” என்று எழுந்து உள்ளே போனார்.

அமாவாசை வந்தது, போயிற்று. கொட்டகையில் சாத்தியிருந்த லாலான் ஆளை அக்கா பிரித்து மாட்டுக்குப் படுக்கையாக விரித்துவிட்டாள். நானா மறுபடி வடக்கே போனபோது, காய்ச்சலுக்கென்று தேடிப் பிடித்த கொஞ்சம் கொயினா மாத்திரையும் அவல் பொட்டலமும் கொடுத்து அனுப்பினோம். அதன் பிறகு நானா எங்கள் பக்கம் வரவில்லை. என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கிளந்தானும் மலாயாவுக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் நான் பிரம்பு பிடித்துக் காட்டுகிற மேப்பில் அது பழைய நிறத்திலேயே இருக்கிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி. மாமா அங்கேயே இருந்திருந்தால், நின்ற இடத்திலேயே நின்று இரண்டு தரம் நாடு மாறியிருப்பார்.

அசல் சயாமுக்குப் போய்ப் பிழைத்தவர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் அக்கா ஸ்டேஷனுக்குப் போனாள். எனக்குத் தெரியும், அந்த வண்டியில் அவர் வர முடியாது. கிளந்தானிலிருந்து வருகிற நேர் வழியில்தான் இன்னும் தண்டவாளமே இல்லையே; நானா சுற்றி வந்த ஹாட்யாய் வழியோ மறுபடி வெளிநாடாகிவிட்டது. இதை அக்காவிடம் சொன்னேன். “தெரியும் பாப்பா. வீட்ல உக்காந்துருக்க முடியல” என்றாள்.

போன வாரம் அந்த அலுவலகத்தில் இரண்டு மேஜைக்காரர்களுக்கும் பொதுவாக நின்று சொன்னேன். “ஊரு நகரலைங்க, கோடுதான் நகர்ந்துச்சு. ஆளு ஒருத்தர்தான்.” இருவரும் தலையை ஆட்டினார்கள். இருவரும் பேனாவைத் தொடவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? ஒருவருக்கு ஒரு நாடு என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் நிற்பவரைத் தேட யாருக்கும் உத்தரவு இல்லை.

வெளியே வந்ததும் அக்கா, “அந்த ஊருக்குக் கடல் வழியாப் போலாமா?” என்று கேட்டாள். போகலாம் என்றேன். மேப்பில் தும்பாட்டுக்குப் பக்கத்தில் நீலமாகத்தானே இருக்கிறது.

இதைச் சிங்கப்பூரில், தும்பாட் போகிற கப்பலின் மேல்தட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அக்கா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கிறாள். இறங்கியதும் முதல் வேலையாக இதைத் தபாலில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டிருந்தேன்; யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும் — நங்கூரம் தூக்கியாகிவிட்டது.